பின்பிரேக்கில் தவறி, பின்பிரேக்கிலேயே தேறினேன்

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. என் பெயருக்கு நேரே ‘தெராம்பில்’, அதாவது தேறிவிட்டேன். நான்கு மாதத்துக்கு முன் அதே கட்டத்தில் ‘பெலும் தெராம்பில்’, இன்னும் தேறவில்லை என்று இருந்தது. வாகனத் துறையில் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) எடுக்கிற தம்பி தங்கைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், மனத்தில் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் வந்துவிடும். நான் விழுந்தது செய்முறையில், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்க டிரம் பிரேக்கில்.

முதல் முறை, நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றினேன். சூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டை), ஸ்பிரிங், அட்ஜஸ்டர் (சூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் தண்டு) எல்லாம் ஒரே தட்டில். பூட்டி முடித்தபோது பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. டிரம்மை எடுக்கப் போனேன். மதிப்பீட்டாளர் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்குரூடிரைவரால் அட்ஜஸ்டர் லீவரை மெல்லத் தட்டி, “நல்லா பாருங்க” என்றார். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகச் சுற்றியது. நீள வேண்டிய தண்டு சுருங்கியது.

இடப்பக்கத்து அட்ஜஸ்டர் வலப்பக்கம் போயிருந்தது, வலப்பக்கத்தது இடப்பக்கம். இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் பூட்டினால், சூ தேயத் தேய இடைவெளியைக் குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் அதைக் கூட்டிக்கொண்டே போகும். பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கும். சாமான் ஏற்றிய வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேர்வு போனது கூட அப்புறம்தான் உறைத்தது.

அதனால் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் முழுசாகப் பூட்டி முடிகிற வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தக் கொக்கி மேலே, எது கீழே என்று சந்தேகம் வந்தால் எழுந்து போய் மறுபக்கத்தைப் பாருங்கள். அது கண்ணாடியில் தெரிவது போல முன்பின் மாறி இருக்கும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மை மாட்டும் முன் லீவரை விரலால் தட்டுங்கள். தண்டு நீள வேண்டும். எனக்கு மொத்தத் தேர்வும் இந்த ஒரு தட்டலில்தான் இருந்தது.

படித்துத் திருந்துகிற ஆள் இல்லை நான். கை பழக வேண்டும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் மாமா கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறார். அவருடைய ஹைலக்ஸில் பின்பக்கம் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது. “போர்மன்கிட்ட விட வேணாம், நான் செய்றேன் மாமா” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய் பசியாறிவிட்டு வீட்டு முன்வாசலிலேயே ஆரம்பித்தோம்.

டிரம் கழல வேண்டுமானால் ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும். அப்படியென்றால் வண்டியைப் பிடித்திருப்பது முன்சக்கரக் கட்டை மட்டும்தான். கட்டையை முன்னும் பின்னும் போட்டு, அச்சுக் குழாயின் இரு பக்கமும் ஜேக் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜேக்கை நம்பி யாரும் கையை உள்ளே விட வேண்டாம்.

டிரம் வரவில்லை. சுத்தியலை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். 8 மில்லி போல்ட் இரண்டை அவற்றில் விட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். அப்போதும் வராவிட்டால், பின்தகட்டு ஓட்டையின் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூடிரைவரால் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள். பழைய சூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம்.

நாங்கள் டிரம்மைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் மாமா மகன் விளையாட்டாக டிரைவர் சீட்டில் ஏறிவிட்டான். பெடலை ஒரு மிதி மிதித்திருந்தால் சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து பிரேக் எண்ணெயெல்லாம் கொட்டியிருக்கும். கத்தி இறக்கினேன். அதிலிருந்து கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். தேர்வுக் கூடத்திலும் அப்படியே செய்தேன்.

வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். சூவே எண்ணெயில் நனைந்திருந்தால் மோந்து பாருங்கள்: கந்தக வாடை அடித்தால் அது கியர் எண்ணெய், அச்சின் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் புது சூவைப் போட்டால் அதுவும் நனையும்.

மாமா வண்டியில் இரண்டு பக்கமும் முடிய மாலை ஆகிவிட்டது. இடப்பக்கத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம். வலப்பக்கம் ஒரு மணி நேரம்தான்.

வாய்மொழிக் கேள்விகள் மலாயில் வரும். பட்டறையில் நாம் டிரம், சூ என்றே பேசிப் பழகியவர்கள். ‘பிரேக் கெலெண்டோங்’ (டிரம் பிரேக்), ‘காசூட் பிரேக்’ (சூ), ‘சிலிண்டர் ரோடா’ (வீல் சிலிண்டர்) என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போது புரிந்துகொள்ளவே சில நொடி போய்விடும். முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என்னிடம் கேட்டது: முன்பக்கத்து சூ ஏன் அதிகம் தேய்கிறது? சிலிண்டர் மேலே, ஊன்று கீழே. வண்டி முன்னால் போகும்போது சுழலும் டிரம் முன்சூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்கிறது, பின்சூவைத் தள்ளிவிடுகிறது. இதைக் கையால் சுற்றிக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினார்.

அன்றைக்கு மறக்கக் கூடாதவை:

– டிரம்மின் உள்விட்டத்தை இரண்டு இடத்தில் அளந்து படிவத்தில் எழுதவும். டிரம்மிலேயே அதிகபட்ச அளவு பொறித்திருக்கும். அளந்துவிட்டு எழுதாமல் விட்டவர்கள் எங்கள் குழுவில் இருவர்.
– ஹேண்ட்பிரேக் லீவரைப் புது சூவுக்கு மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் சி-வாஷரைப் புதிதாகப் போடவும்.
– பின்தகட்டில் சூ உரசும் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸ், துளி போதும். லைனிங்கில் (சூவின் உராயும் பரப்பில்) பட்டால் தொலைந்தது.
– புது சூ தடிமன். பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே தொட்டியில் பிரேக் எண்ணெய் ஏறும். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும்.
– பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றவில்லை என்றால் காற்றெடுக்கும் வேலை வேண்டாம்.
– டிரம்மைக் கையால் சுற்றினால் மிக லேசாக உரச வேண்டும். ஹேண்ட்பிரேக் சரிபார்ப்பது அதற்குப் பிறகுதான்.
– வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பார்க்கவும்.

சிலர் வேகமாகச் செய்யச் சொல்வார்கள். என்னால் முடியாது. இரண்டாம் முறை எங்கள் கூடத்தில் கடைசியாக முடித்தது நான்தான், நேரத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

மாமா வண்டியில் பூட்டும்போது இரண்டு அட்ஜஸ்டரிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். முடிவு வந்த மறுநாள் டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கோடு நகர்ந்திருந்தது. தண்டு நீண்டிருந்தது.