பெடஸ்ட்ரியனில் கால், பீடியாட்ரிக்ஸில் குழந்தை

முதல் தடவை ஆங்கிலச் சொல்லறிவுத் தேர்வுக்குப் படித்தபோது, அகரவரிசைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தேன். தேர்வில் ஒரு கேள்விக்கான விடைகளில் 'பெனிஃபேக்டர்', 'பெனிஃபிஷியரி' இரண்டும் இருந்தன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? பட்டியலில் அடுத்தடுத்து இருந்த சொற்கள்தான். அப்படி ஒட்டி நின்றதே என்னைக் குழப்பிவிட்டது. மாற்றிக் குறித்துவிட்டு வந்தேன்.

அடுத்த முயற்சிக்கு முறையையே மாற்றினேன். தமிழ் இலக்கணத்தில் பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகியவர்கள்தானே நாம்? அதையே ஆங்கிலத்திலும் செய்தேன். பெனிஃபேக்டரில் 'பெனி' என்றால் நன்மை, 'ஃபேக்ட்' என்றால் செய், கடைசியில் வரும் ஓ-ஆர் செய்பவரைக் குறிக்கும் விகுதி. ஆக்டர், எடிட்டர் எல்லாம் அந்த வகைதான். ஆக, நல்லது செய்பவர் பெனிஃபேக்டர், அந்த நன்மையைப் பெறுபவர் பெனிஃபிஷியரி. 'பெனி'யை எடுத்துவிட்டு 'மேலி' வைத்தால் மேலிஃபேக்டர், அதாவது தீங்கு செய்பவர். பெனவலன்ட், மெலவலன்ட் என்ற ஜோடியும் அப்படித்தான்: நல்லது நினைப்பவர், கெட்டது நினைப்பவர்.

எனக்கு மிகவும் பிடித்த வேர்ச்சொல் குடும்பம் எல்-ஓ-கியூ-யு. லத்தீனில் 'பேசு' என்று பொருள். நிறையப் பேசுபவர் லொக்வேஷியஸ். அழகாக, மனதில் தைக்கும்படி பேசுபவர் எலக்வன்ட். பெரிய பெரிய சொற்களாகப் போட்டுப் பேசுபவர் கிராண்டிலக்வன்ட். நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியே நின்று தனக்குத்தானே பேசுவது சொலிலக்வி, அதில் 'சோல்' என்றால் தனி. பேச்சு வழக்குக்கு கலோக்வியல். உதடு அசையாமல், பொம்மை பேசுவதுபோலக் குரல் கொடுப்பவர் வென்ட்ரிலக்விஸ்ட். அங்கே 'வென்டர்' என்பது வயிறு, அதாவது வயிற்றிலிருந்து பேசுபவர். இதை ஒருமுறை கேட்டபின் அந்தச் சொல் மறக்குமா?

இந்தக் குடும்பத்தில் சில சொற்கள் வேறு எழுத்தோடு வரும். அவற்றில் ஒன்று சர்க்கம்லொக்யூஷன். கியூ இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கும். வந்தான் என்ற சொல்லில் 'வா' குறுகி 'வ' ஆகிறதே, அதுபோன்ற விகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சர்க்கம்' என்றால் சுற்றி. முழுப் பொருள், சுற்றி வளைத்துப் பேசுவது! நம் வழக்கும் லத்தீனும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதைப் பார்த்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் நோட்டில் அந்தச் சொல் இருந்த பக்கத்தை அதன்பின் திருப்பிப் பார்க்கவே தேவைப்படவில்லை.

ஜி-ஆர்-ஈ-ஜி என்றால் மந்தை. கூடிப் பழகும் இயல்பு கிரிகேரியஸ், ஒன்றுகூடுவது காங்ரிகேட், பிரித்து ஒதுக்குவது செக்ரிகேட். 'இக்ரீஜியஸ்' என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்பது மூலப்பொருள். ஒரு காலத்தில் அது பாராட்டு. இன்றோ, கண்ணில் அறையும் அளவுக்கு மோசமானது என்றுதான் பொருள். வேர்ச்சொல் திசையைத்தான் காட்டும், வாக்கியத்தைப் படித்துத்தான் விடையைக் குறிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி பி-ஈ-டி. பெடஸ்ட்ரியன் என்றால் நடந்து செல்பவர், சென்டிபீட் என்றால் பூரான். இரண்டிலும் இருப்பது லத்தீன் 'கால்'. ஆனால் பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவம், அங்கே இருப்பது கிரேக்கக் 'குழந்தை'. பெடகாஜி என்ற கற்பித்தல் முறையும் அந்தக் கிரேக்க வழிதான். எழுத்து ஒன்று, வேர் வேறு. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பீடியாட்ரிக்ஸுக்கு பி-ஏ-ஈ-டி என்று நடுவில் ஒரு ஏ வரும், அது நல்ல அடையாளம். பெடகாஜியில் அந்த ஏ வராது, அதைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். ஆர்த்தபீடிக்ஸ் எலும்பு மருத்துவம் என்பதால் அதில் கால் இருக்கிறது என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அதுவும் குழந்தைதான். 1741-இல் நிக்கோலஸ் ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணல்களை நேராக்கும் கலைக்கு வைத்த பெயர் அது. 'ஆர்த்தோ' என்றால் நேர்.

நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பிரித்த பகுதிகள், கீழே என் சொந்த வாக்கியம் ஒன்று. பொருளை முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு ஆங்கிலச் சொல்லை எழுதினால் படித்தது போலத் தோன்றும், மனதில் ஒட்டாது. குழப்பும் வேர்களுக்குச் சிவப்பு மையில் தனிப் பக்கம் வையுங்கள். கடைசி வாரம் நான் திருப்பிப் பார்த்தது அந்தச் சிவப்புப் பக்கங்களை மட்டும்தான்.

45 எழுத்து கொண்ட அந்தப் புகழ்பெற்ற நுரையீரல் நோய்ப் பெயர் தேர்வில் வரும் என்று பயப்பட வேண்டாம். 1935 வாக்கில், நீளமான சொல் வேண்டும் என்றே உருவாக்கியது அது. ஆனால் பிரித்துப் பழக நல்ல சொல். நிமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்கோபிக், சிலிக்கோ, வால்கனோ, கோனியோசிஸ் என்று உடையுங்கள்: நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசியால் வரும் நோய். அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை தேர்வில் 'ஆப்லக்வி' என்ற சொல் வந்தது. அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. நடுவில் எல்-ஓ-கியூ-யு கண்ணில் பட்டது, சரி, ஏதோ பேச்சு. முன்னால் ஓ-பி. ஆப்ஜெக்‌ஷன், ஆப்ஸ்டக்கிள் இரண்டும் நினைவுக்கு வந்தன, இரண்டிலும் எதிர்த்து நிற்கும் பொருள். எதிராகப் பேசுவது. வாக்கியமோ, மக்கள் தூற்றியதால் பதவி விலகிய ஒருவரைப் பற்றியது. விடைகளில் 'பழிச்சொல்' என்ற பொருள் தந்ததைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.