அப்பாவின் டோக்கனும் முவாரா ஜம்பித் தாயாரும்

அப்பா போய் நாலு வருஷம் கழித்துத்தான் இந்த நேர்த்திக்கடன் தீர்ந்தது. பௌத்தர்களுக்கு ஏது நேர்த்திக்கடன் என்று பெரியப்பா வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, சொன்னால் சொன்னதுதான்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் வயலுக்கு வந்த காலத்திலேயே சரணம் எடுத்த குடும்பம். அப்பா சாம்பியன் ரீஃப்பில் இறங்கியவர், 2001இல் சுரங்கத்தை மூடும்வரை. மூடிய பிறகு கையில் வேலையும் இல்லை, நேரம் மட்டும் நிறைய, அதனால் படிக்க ஆரம்பித்தார். அதில் பிடித்துக்கொண்டதுதான் ஸ்ரீவிஜயம், சுமத்ராவில் இருந்த பழைய பௌத்த சாம்ராஜ்யம். ஒரு தடவை நாகப்பட்டினம் போய், அந்த ஸ்ரீவிஜய அரசர்கள் கட்டிய சூடாமணி விகாரம் எங்கே எங்கே என்று தெருத்தெருவாகக் கேட்டிருக்கிறார். அங்கே நின்றிருந்த பழைய கோபுரத்தையும் 1867இலேயே இடித்தாயிற்று. திரும்பும் வழியில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துச் செப்புப் புத்தர்களைக் கும்பிட்டுவிட்டு வந்து, "இங்க ஒண்ணும் மிச்சமில்ல, கட்டினவங்க ஊருக்கே போயிப் பாக்கணும், வைகாசிப் பௌர்ணமிக்கு ஒரு விளக்கு ஏத்தணும்" என்றார். அதைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஊருக்குப் பழைய பெயர் சொர்ணத்தீவு என்பதில் அவருக்குத் தனி ருசி. அந்நாட்டு மகாராஜா தினமும் ஒரு தங்கக்கட்டியை அரண்மனைக் குளத்தில் போடுவான் என்று அரபுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நாங்க மூணு கிலோமீட்டர் ஆழம் இறங்கி எடுக்கிறோம், அவன் தூக்கித் தண்ணில போடுறான் பாரு."

சரி, பயணத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. சென்னையிலிருந்து ஜகார்த்தா, அங்கிருந்து சுமத்ராவில் ஸ்ரீவிஜயத்தின் பழைய தலைநகரான பாலெம்பாங். மூசி ஆற்றங்கரையில் இறங்கினதுமே படகுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கத்துவதில் 'கப்பல்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அங்கேயும் அது கப்பல்தான், கடையும் 'கடை'தான். அம்மா உடனே ஏதோ சொந்தக்காரர் கிடைத்த மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டார். போக வர ஒரு தொகை பேசி, நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்தி அதைப்போல இரண்டு மடங்கு கேட்டான் அந்த ஆள். கொடுக்காமல் என்ன செய்ய, நீந்தியா வர முடியும்?

இந்த ஆற்றில் கப்பலிடம் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை. சீன பிக்கு இத்சிங் 671இல் இங்கே வந்து ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டு நாளந்தா போனவர். திரும்பி வந்து வருஷக்கணக்காக இங்கேயே உட்கார்ந்து சூத்திரங்களை மொழிபெயர்த்தார். 689இல் காகிதமும் மையும் கேட்டு ஊருக்குக் கடிதம் அனுப்பத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நல்ல காற்று வர, மாலுமி பாயை விரித்துவிட்டான். கடிதத்தோடு அவரும் சீனாவுக்கே போய்ச் சேர்ந்தார்! மறுபடி வந்தார் என்பது வேறு விஷயம். ஆயிரம் பிக்குகளுக்கு மேல் இந்த ஊரில் இருந்தார்கள், இந்தியா போகிறவன் முதலில் இங்கே ஒன்றிரண்டு வருஷம் பயின்றுவிட்டுப் போகட்டும் என்று எழுதினவரும் அவரே. எல்லாம் அந்தக் காற்றால் நடந்தது. மேற்கே இருந்து வரும் கப்பலும் சீனத்திலிருந்து வரும் கப்பலும் மலாக்கா நீரிணையில் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். காத்திருப்பவனுக்குச் சோறு, சரக்குக்குக் கிடங்கு, அதற்கு வரி. அந்த வரியில் விகாரங்கள்.

கெடுகான் புக்கிட் கல்வெட்டின் நகலைப் பார்த்தோம், மூலம் ஜகார்த்தாவில். பல்லவ எழுத்து, பழைய மலாய் மொழி. 682ஆம் வருஷம் வைசாக வளர்பிறை ஏகாதசியில் தபுந்தா ஹியாங் என்ற தலைவர் படகேறினார், கூட இருபதாயிரம் பேர், தரைவழி நடந்தவர் 1,312. கல்லில் இருப்பது 'இரண்டு லக்ஷ' என்றுதான், ஆனால் மலாயில் லக்ஷ என்றால் பத்தாயிரம், நம் லட்சம் இல்லை. அவர் போனதற்கு அந்தக் கல் வைத்திருக்கும் பெயர் சித்தயாத்திரை. ஒரு சாம்ராஜ்யம் தன் முதல் கல்வெட்டில் யாத்திரை போனேன் என்று சொல்லிக்கொள்கிறது. படையோடு போன யாத்திரைதான், இருக்கட்டும். அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "நாமளும் அதே வைகாசியிலதான வந்திருக்கோம்" என்றார்.

தெலாக பத்து கல்லைப் பற்றியும் சொன்னேன். மேலே ஏழு தலை நாகம், கல்லில் ஊற்றிய தண்ணீர் வழிந்து கீழே ஒரு குழாய் வாயில் வரும், துரோகம் செய்தால் குடித்த தண்ணீரே கொல்லும் என்று சாபம். சத்தியம் செய்ய வேண்டியவர் பட்டியலில் அரசகுமாரர்களிலிருந்து கப்பல் தலைவர்கள், வணிகர்கள் வரை உண்டு. "அந்தப் படகுக்காரனுக்கு ஒரு டம்ளர் குடுக்கணும்" என்றார் அம்மா.

புக்கிட் சிகுந்தாங் மலை என்றார்கள், முப்பது மீட்டர்கூட இல்லை, எங்கள் ஊரில் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேடே அதைவிட உயரம். அங்கே கிடைத்த புத்தரை நகர அருங்காட்சியக முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். துண்டு துண்டாகக் கிடைத்து ஒட்டினவர், ஆந்திரத்து அமராவதிச் சாயல். திரிசரணம் சொல்லிவிட்டு ஜம்பிக்குப் புறப்பட்டோம்.

அந்தப் பாதை இருக்கிறதே! நிலக்கரி லாரிகள், பாமாயில் லாரிகள், நடுவில் நாங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை முனகவில்லை. ஜம்பியிலிருந்து இன்னும் இருபத்தாறு கிலோமீட்டர் போனால் முவாரா ஜம்பி. பாதாங்ஹாரி ஆற்றங்கரையில், கிட்டத்தட்ட நாலாயிரம் ஹெக்டேரில், டுக்கு என்ற பழத் தோப்புகளுக்குள்ளே செங்கல் விகாரங்கள். எண்பதுக்கு மேல் மேடுகள், திறந்து கட்டியது கொஞ்சம்தான். ஆற்றில் நிலக்கரி மிதவைகள் போய்க்கொண்டே இருக்கின்றன, கரையிலும் கரி குவித்து வைத்திருக்கிறார்கள். தங்கவயல்காரியான அம்மாவுக்கு அந்தக் குவியலைப் பார்த்தால் வயிறு எரியாதா? எரிந்தது.

வைசாகக் கூட்டம் வேறு. மைக், ட்ரோன், செல்பி. பந்தே, அதாவது பிக்கு, பிரித் என்ற காப்பு மந்திரம் ஓதும்போதுகூட ஒருவன் எங்கள் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு வீடியோ எடுத்தான். வாசலில் மெழுகுவர்த்தியும் தாமரையும் வாய்க்கு வந்த விலை. அம்மா ஒன்றும் வாங்கவில்லை, அகல், நெய், சாம்பிராணி எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். சாம்பிராணி பிறந்த சுமத்ராவுக்கே சாம்பிராணி கொண்டுபோன ஆள் எங்கம்மாவாகத்தான் இருக்கும். கற்பூரமும் இந்தத் தீவு மரத்திலிருந்து வந்ததுதான், மேற்குக் கரையில் பாரூஸ் துறை, அங்கே 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கூட்ட நெரிசலில் அம்மா நிற்க முடியாமல் தள்ளாடினபோது, குளிர்பானம் விற்கும் ஒரு பெண், முக்காடு போட்ட முஸ்லிம் பெண், தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அந்தத் தோப்புகளைப் பார்த்துக்கொள்வது இந்த கிராமத்துக்காரர்கள்தான். 684இல் ஜயநாசன் என்ற அரசன் தென்னை, பாக்கு, பனை, சாகோ எல்லாம் வைத்து ஒரு தோட்டம் போட்டு, வழிப்போக்கருக்குப் பசித்தால் சாப்பாடும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கட்டும் என்று கல்லில் வேண்டிக்கொண்டானே, அந்த வேண்டுதல் இன்னும் வேலை செய்கிறது போல. இந்தப் பக்கத்துத் தீவுகளைச் சாவகம் என்று நம்மவர்கள் மணிமேகலையின் அமுதசுரபிக் கதையில் சேர்த்தது சும்மா இல்லை.

கும்புங் என்ற கோயிலில் கிடைத்த பிரக்ஞாபாரமிதாவை, பௌத்தத்தின் ஞானத் தாயை, காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் ஜாவாவில் கிடைத்த இதே தாயாரின் சிலைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவன், அப்படியொரு முகத்தை எதிர்பார்த்தே உள்ளே போனேன். தலை இல்லை. கைகளும் முழுதாய் இல்லை. கழுத்தணி மட்டும் மணிமணியாக அப்படியே இருக்கிறது, மடி அப்படியே இருக்கிறது. கும்பிடப் போனால் கண் தானாக முகத்தைத் தேடும் அல்லவா, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னால் சுவர் தெரிகிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா நேராக அந்த மடியைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லா புத்தர்களையும் பெற்ற தாய், மடி போதாதா? எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் மெதுவாகக் கேட்டார், "தலைய எடுத்தது நம்ம ராஜாவா?" இல்லை. ராஜேந்திர சோழன் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' வந்தது 1025வாக்கில், அவன் பிடித்ததாகச் சொல்லும் பட்டியலில் மலையூர் உண்டு, அது இந்தப் பக்கம்தான். ஆனால் இந்தத் தாயார் அதற்குப் பிந்தியவர், இதைச் சோழன் கணக்கில் எழுத முடியாது. அம்மாவுக்கு அது போதவில்லை. "இருந்தாலும் வந்தது நம்ம ஆளுங்கதான" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த ஸ்ரீவிஜயத்தார் நாகப்பட்டினத்தில் விகாரம் கட்டினார்கள், சூடாமணிவர்மன் தொடங்க மகன் மாரவிஜயோத்துங்கன் முடித்தான், ராஜராஜன் ஆனைமங்கலத்தையே அதற்குக் கொடுத்தான். இருபது வருஷத்தில் அவன் மகன் படகு கட்டி வந்து நின்றான். அதே சூடாமணிவர்மன் காலத்தில் இங்கே தர்மகீர்த்தி என்றொரு ஆசிரியர் நூல் எழுதினார். அவரிடம் போதிசித்தம் படிக்க வங்காளத்து அதீசர் பல மாதம் கடலில் அல்லாடி வந்து பன்னிரண்டு வருஷம் தங்கினார். பின்னால் திபெத்தில் அந்த ஆசிரியர் பெயரைக் கேட்டாலே கைகூப்பி அழுவாராம்.

விளக்கு ஏற்றினோம். கும்புங் படிக்கட்டு ஓரத்தில், காற்றுக்கு மூன்று தடவை அணைந்து நாலாவது தடவை நின்றது. புத்தம் சரணம் கச்சாமி என்று நான் தொடங்கினேன், பாதியில் எனக்கு வரவில்லை, அம்மாதான் முடித்தார். பக்கத்தில் நின்ற ஜம்பிக் குடும்பம் ஒன்றும் கூடச் சொன்னது, வேறு ராகத்தில்.

திரும்பும்போது தெலாகோ ராஜோ, அரசன் குளம். அங்கே அம்மா பர்ஸைத் திறந்து எடுத்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அப்பாவின் பித்தளை டோக்கன், ஷிஃப்ட்டுக்கு இறங்கும்போது வாங்கிப் போவாரே, அது. எப்போது எடுத்துவைத்தார் என்றே எனக்குத் தெரியாது. குளத்தில் போடப்போகிறார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"அவன் ராஜா, போடுவான்" என்றார்.