பேரிடர் நடந்த மறுநாள் வெளியாகும் அந்த ஒரு பக்கம்

வெள்ளமோ தீவிபத்தோ நடந்த மறுநாளே உளவியலாளர் சங்கத்துக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பத்திரிகையாளர் இரண்டு வரி கேட்பார். தலைமையாசிரியர் பெற்றோருக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்பார். உறுப்பினர்களோ, சங்கம் சார்பில் இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று குறைபடுவார்கள். இந்த மூன்று தரப்புக்கும் சேர்த்து நாங்கள் தருவது ஒரே ஒரு பக்கத் தகவல் தாள். அது எப்படி உருவாகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதை இதே பொறுப்பில் இருக்கும் பிற சங்கத்தாருக்காக எழுதிவைக்கிறோம்.

சம்பவம் நடந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது. வெள்ளம், தீ, வாகன விபத்து, பள்ளியில் ஒரு மாணவரின் மரணம், வன்முறை, தொற்றுநோய் என ஆறு வரைவுகளை, ஒன்றும் நடக்காத மாதங்களிலேயே எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துவிட வேண்டும். சம்பவ நாளில் நிரப்ப வேண்டியவை மூன்றே இடங்கள்: என்ன நடந்தது, உதவி எங்கே கிடைக்கும், தேதி. இப்படி இருந்தால் 24 மணி நேரத்துக்குள் தாள் வெளியே போகும். வெறுந்தாளில் தொடங்கினால் கூடிப் பேசி, திருத்தி, மறுபடி கூடி ஒரு வாரம் ஓடிவிடும். அதற்குள் மக்கள் வேறு யாரோ எழுதியதைப் படித்து முடித்திருப்பார்கள்.

எழுத மூன்று பேர் போதும். குழந்தைகளோடு வேலை செய்பவர் ஒருவர், பெரியவர்களுக்குச் சிகிச்சை தருபவர் ஒருவர், உளவியல் படிக்காத, ஆனால் எழுதத் தெரிந்த ஒருவர். மூன்றாமவரை விட்டுவிட்டால் தாள் கருத்தரங்கக் கட்டுரையாகிவிடும். குழு பெரிதானால் வேறொரு தொல்லை: ஆளுக்கொரு வரி சேர்ப்பார்கள், எடுக்க ஒருவரும் துணியமாட்டார்கள். அளவை முதலிலேயே கட்டிவிடுவது நல்லது. ஏ4 தாளில் ஒரு பக்கம், 14 புள்ளி எழுத்து, 250 சொற்கள். புதிய வரி வேண்டுமென்றால் பழைய வரி ஒன்று போக வேண்டும்.

1969இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக உரையாற்றிய ஜார்ஜ் மில்லர், உளவியலை மக்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடுக்க உட்கார்ந்தால்தான் தெரியும், நாம் கொடுக்க ஆசைப்படுவது ஒன்று, அவர்களுக்கு வேண்டியது இன்னொன்று என்று. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி வைத்திருக்கிறோம்: இதைப் படித்தவர் இன்று ராத்திரி என்ன செய்வார்? பதில் இல்லாத வரி வெளியேறும்.

இந்தக் கேள்வியில் முதலில் அடிபடுவது அறிகுறிப் பட்டியல். எந்த வரைவிலும் அது வந்துவிடும்: நடுக்கம், தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், மறதி, திடுக்கிடல் என்று பதினைந்து. படிப்பவர் தன்னிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பயப்படுவார். அது தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியாது. முதல் சில வாரங்களில் இவை பலருக்கும் வருவதுதான். பெரும்பாலோருக்குச் சிகிச்சை இல்லாமலே தணியும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., என்று சொல்லவே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஆகவே தாளில் நான்கு அறிகுறிகளுக்கு மேல் இருக்காது. அவற்றை அடுத்து இரண்டு எல்லைகள். ஒரு மாதமாகியும் குறையவில்லை என்றாலோ, வீட்டு வேலையோ வெளி வேலையோ செய்ய முடியவில்லை என்றாலோ மனநல உதவி தேடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள், இன்றே உதவி கேளுங்கள். இரண்டாவது எல்லை தடித்த எழுத்தில், கட்டத்துக்குள்.

அடுத்த சண்டை, ‘நடந்ததை மனம்விட்டுப் பேசுங்கள்’ என்ற வரி. எல்லோருக்கும் பிடித்த வரி, உறுப்பினர்களே விடமாட்டார்கள். சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்க வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. தீக்காயம் பட்டவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த அமர்வுக்கு உட்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது, உட்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கு. ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். அமர்வுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் கூடுதலாக இருந்தது என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் அதற்குப் பின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த ஒற்றை அமர்வால் பயன் தெரியவில்லை. இப்போது தாளில் இருக்கும் வரி இதுதான்: ‘பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் தோண்டாதீர்கள். பக்கத்தில் இருங்கள்.’

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் ஏறக்குறைய இதையே. பார், கேள், இணை என்று மூன்று படிகள். சுற்றிலும் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, அவருக்கு என்ன தேவை என்று கேட்பது, அந்தத் தேவை கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. இதற்கு உளவியலாளர் வேண்டியதில்லை. உடனே சிலர், ‘அப்படியானால் நாம் எதற்கு?’ என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

தூக்க மாத்திரை பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரை கைமாறும் நேரம் அது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதற்காகவோ தூக்கமின்மைக்காகவோ பென்சோடயசிபைன் என்ற வகைத் தூக்க மாத்திரைகளைத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். தாளில் மருந்தின் வகைப்பெயர் வராது. ‘பிறருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைப் போடாதீர்கள். வழக்கமாக எடுத்துவரும் மருந்தை நிறுத்தாதீர்கள்.’ இரண்டாவது வாக்கியத்தை விட்டால், வலிப்புக்கும் மனச்சிதைவுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முதல் வாக்கியத்தைப் படித்து நிறுத்திவிடக்கூடும்.

குழந்தைகள் பகுதிக்குத் தாளில் மூன்றில் ஒரு பங்கு இடம். கேள்விகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைத்தால் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. தண்டனை அதை நிறுத்தாது. தொலைக்காட்சியில் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடும்போது, சின்னப் பிள்ளைகள் அது மறுபடி மறுபடி நடப்பதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும், அணைத்துவிடுங்கள். இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்ல வேண்டாம். பிள்ளை தூங்கப் பயப்படும், அல்லது வாசலிலேயே காத்திருக்கும். ‘இறந்துவிட்டார், இனி வரமாட்டார், உன்னால் இது நடக்கவில்லை.’ இந்த மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். இதை எழுதும்போது நமக்கே கை தயங்கும், ஆனாலும் மழுப்பக் கூடாது.

சொற்களில் விழும் பள்ளங்கள் தனி. ‘மன அழுத்தம்’ என்பதைச் சிலர் பரபரப்புக்கும் சிலர் டிப்ரஷனுக்கும் சொல்கிறார்கள். ‘மனச்சோர்வு’ என்றால் களைப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ‘ஆற்றுப்படுத்துநர்’, அதாவது மனநல ஆலோசனை தருபவர், என்றால் துறைக்கு வெளியே பலருக்குப் புரிவதில்லை. ‘கவுன்சிலர்’ என்றால் நகராட்சி உறுப்பினரா என்று கேட்கிறார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு நிலையைச் சொல்வதே வழி: ‘ரெண்டு வாரமா எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை.’

வரைவு முடிந்ததும் துறைக்கு வெளியே ஆறு பேரிடம் கொடுக்கிறோம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஆறு பேரும் புரிந்தது என்பார்கள், மரியாதைக்கு. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘உங்கள் பிள்ளை ராத்திரி அலறி எழுந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் தடுமாறினால் குறை அந்த வரியில்.

தொலைபேசி எண்கள்தான் அதிகம் காலைவாரும். பழைய தாளிலிருந்து நகலெடுத்த எண் செத்துப்போயிருக்கும். அல்லது 24 மணி நேரம் என்று போட்டிருக்கும், ராத்திரியில் யாரும் எடுக்கமாட்டார்கள். வெளியிடும் முன் ஒவ்வொரு எண்ணையும் பகலில் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை அழைத்துப் பார்த்து, அழைத்தவர் கையொப்பமிட வேண்டும். எந்த உறுப்பினரின் சொந்த மருத்துவமனைப் பெயரோ எண்ணோ வரக் கூடாது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் தாள் விளம்பரமாகிவிடும்.

ஒப்புதலுக்குப் போகும் பிரதி மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை: வரி, அதற்கான ஆதாரம், பொறுப்பேற்பவர். ஆதாரப் பத்தி காலியாக இருக்கும் வரியைத் தலைவரே எழுதியிருந்தாலும் நீக்கிவிடுகிறோம்.

ஊடகத்தோடு பேச ஒருவர், அவர் இல்லாதபோது இன்னொருவர். மற்ற உறுப்பினர்கள் அவர்களிடம் அனுப்பிவிடுவார்கள். பேசுகிறவருக்கு இரண்டு விதிகள். நேரில் பரிசோதிக்காத எவரைப் பற்றியும், அது சம்பவத்துக்குக் காரணமானவராகவே இருந்தாலும், நோய்ப்பெயர் சொல்லக் கூடாது. தற்கொலை என்றால் முறையை விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணம் காட்டக் கூடாது. வியன்னாவில் 1987இல் இத்தகைய வழிகாட்டுதல்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்து, அவர்களும் செய்திகளை அடக்கி எழுதத் தொடங்கிய பிறகு, சுரங்க ரயில் பாதையில் தற்கொலைகள் சட்டென்று குறைந்தன. செய்தியாளர் விதியை எதிர்த்து வாதாடினால் இதைச் சொல்லலாம், பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாகத் தேதி. முன்பெல்லாம் அடியில் சிறிதாகப் போட்டோம். வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றும்போது அடியை வெட்டிவிடுகிறார்கள். பழைய வெள்ளத்தின் தாள், பழைய எண்ணோடு, புதிய வெள்ளத்தில் வலம்வருகிறது. இப்போது தேதியும் சம்பவத்தின் பெயரும் தலைப்பிலேயே, அதே அளவு எழுத்தில். கீழே ‘இந்தத் தேதிக்குப் பின் பயன்படுத்த வேண்டாம்’ என்று மூன்று மாதம் கழித்து ஒரு நாள். அந்த நாளில் எண்களை மறுபடி அழைத்துப் பார்ப்பது யார் என்று நாட்காட்டியில் பெயர் எழுதிவைத்த பிறகே தாள் அச்சுக்குப் போகும்.