முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பின் வந்த மூச்சிரைப்பு

கீழ்முதுகில் ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைக்கும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. படுத்தே கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்புறம் வலது விலாவில் சுருக்கென்று ஒரு குத்தல். அத்தை வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

ஆனால் புரண்டு படுத்தால் கூடும் தையல் வலி போல அது இல்லை. மூச்சை ஆழமாக இழுக்கும்போது மட்டும் குத்தியது. அதற்கு முன்பே இடது கெண்டைக்கால் வலித்தது. முதுகு ஆபரேஷன் செய்தவருக்குக் கால் வலித்தால் எல்லோரும் நரம்பு வலி என்றுதான் நினைப்பார்கள். எனக்கு இருந்த நரம்பு வலி இடுப்பிலிருந்து கோடு போல இறங்கும்; இது கெண்டைச் சதையிலேயே நின்றது. அந்தக் கால் வீங்கி, தொட்டால் சூடாகவும் இருந்தது.

கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். ஆக்ஸிஜன் 91, உட்கார்ந்த நிலையிலேயே நாடித்துடிப்பு 118. உடனே 108-ஐக் கூப்பிட்டோம்.

அவசரப் பிரிவில் "சமீபத்தில் முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆச்சு" என்பதைத்தான் முதலில் சொன்னேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஈசிஜியில் வேகமான துடிப்பு மட்டும். எக்ஸ்ரே நன்றாக இருப்பதால் நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது என்றார் டாக்டர். ரத்தக்கட்டி இருக்கலாமா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை ஆபரேஷன் ஆனவர்களுக்கு எப்படியும் கூடுதலாகக் காட்டும் என்பதால், நேராக மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவியது. இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டி. காலில் எடுத்த டாப்ளர் ஸ்கேனில், அது கிளம்பி வந்த இடமும் தெரிந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கட்டி வளராமலிருக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். ஆனால் ஆறாத முதுகுக் காயத்துக்குள் ரத்தம் கசிந்தால் நரம்பை அழுத்திவிடும். முதுகு சர்ஜனும் வந்து பேசி, தேவைப்பட்டால் சட்டென்று நிறுத்த வசதியாக ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைப் பம்ப் வழியாக ஏற்றினார்கள். நர்ஸ்கள் இரவிலும் எழுப்பி, கால்விரலை அசைக்கச் சொன்னார்கள், சிறுநீர் போகிறதா என்று கேட்டார்கள். கால் பலம் குறைந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த அக்கறைதான் பெரிய தைரியம்.

பிறகு அதே வேலையைச் செய்யும் அபிக்ஸபான் மாத்திரைக்கு மாற்றினார்கள், குறைந்தது 3 மாதம். அதோடு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் என்பதால், முதுகு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போடச் சொன்னார்கள்.