சாவி கனடாவில் இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் லாப்டொப் திருத்துகிறவனுக்கு ரொறன்ரோவில் இப்போது எத்தனை மணி என்று தெரிந்திருக்க வேண்டும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் நான் வேலை செய்யும் கடைக்கு வருகிற லாப்டொப்புகளில் கனக்க, வெளிநாட்டிலிருந்து மாமாவோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்தவை. கொடுக்க முன்னம் தன்னுடைய மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போய், எல்லாவற்றையும் ‘செற்’ பண்ணித்தான் தந்திருப்பார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் இப்போதைய விண்டோஸ் லாப்டொப்புகள் பல, அப்படி உள்ளே போன கையோடு டிஸ்கில் உள்ளதைத் தாமாகவே சங்கேதமாக்கிப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே பாவிக்கிறவருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. மதர்போர்ட் மாறும் நாளில்தான், அல்லது பயோஸ் (மெஷினை முதலில் எழுப்பும் அடிப்படைப் புரோகிராம்) அப்டேற் ஒன்று குழப்பும் நாளில்தான், நீலத்திரையில் அது சாவி கேட்கும்.

கொக்குவிலில் ஏ.எல். (உயர்தர) வகுப்பு எடுக்கிற சேர் ஒருவரின் லாப்டொப் அப்படி நின்றது. மதர்போர்டை மாற்றியாயிற்று, மெஷின் எழும்பிவிட்டது, டிஸ்கிலும் ஒரு குறையில்லை. வருடக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள்கள் அதற்குள். சாவியோ கனடாவில் இருக்கும் மருமகனின் கணக்கில். “தம்பி, அவனுக்கு இப்ப நடுச்சாமம். எழுப்பட்டோ?” என்றார். எழுப்பத்தான் வேண்டியிருந்தது. மருமகன் நித்திரைக் கலக்கத்தோடு கணக்கைத் திறந்தால், அவருடைய பழைய மெஷின்களின் சாவிகளும் சேர்ந்து வரிசையில் நிற்கின்றன. நீலத்திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை வைத்துச் சரியானதைப் பிடித்தோம். பிறகு ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தரம் அவர் வாட்ஸப்பில் வாசிக்க, சேர் திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம்; அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மருமகன் அந்தக் கணக்கை எப்போதோ மூடியிருந்தால், நல்ல டிஸ்க் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் முகத்தை முகம் பார்த்திருப்போம்.

“எந்த பேக்கப் சொஃப்ட்வெயர் நல்லது?” என்றுதான், இப்படி மாட்டுப்படாமல் டிஸ்கின் படி ஒன்றை எடுத்துவைக்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு அது இரண்டாம் கேள்வி. இந்த மெஷின் நாளைக் காலையில் எழும்பாவிட்டால் எதை வைத்து எழுப்புவீர்கள், அதை ஒரு தரமாவது இதே மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் முதலாவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரம் அடங்கிய வலிகாமத்தை விட்டு நடந்தவர்களின் வீடுகளில் இன்றைக்கும் ஒரு பைல் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஓ.எல். பெறுபேறு எல்லாம் பொலித்தீன் உறையில், எழும்பி ஓடுகிற கைக்கு எட்டும் இடத்தில். போட்டோகொப்பி ஒரு கட்டு கொழும்பில் தங்கச்சி வீட்டில். இந்த வேலையில் நாங்கள் சொல்லிக்கொடுக்கக்கூடியது எல்லாம் அந்த பைலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதே வீட்டு லாப்டொப்பில் பிள்ளைகளின் படங்கள் ஒரே ஒரு இடத்தில்தான் கிடக்கும்.

சொஃப்ட்வெயர் விஷயம் சுருக்கம்தான். முன்பு கண்ணை மூடிக்கொண்டு மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பைப் போட்டுவிடுவோம். 2024 ஜனவரி 1 உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. கொன்ட்ரோல் பனலில் இன்னும் ‘விண்டோஸ் 7’ என்ற பெயரோடு கிடக்கும் பழைய பேக்கப்பை மைக்ரோசொப்ட் 2017இலேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது; புதிதாக யாருக்கும் அதைச் சொல்வதில்லை. இப்போது கடையில் ஓடுவது குளோன்ஸில்லா. முகம் பார்க்க நன்றாக இராது, ஆனால் டிஸ்கில் பாவித்த பகுதியை மட்டும் படியெடுக்கும், எடுத்த படி சரியா என்றும் சோதித்துச் சொல்லும். மவுஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு ரெஸ்கியூஸில்லா. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாகப் படியெடுக்க வேண்டும் என்றால் வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு.

சிக்கல் எல்லாம் எடுத்த படியைத் திருப்பிப் போடும் வழியில்தான்.

லாப்டொப்போடு வந்த ரிக்கவரி பகுதி இருக்கிறதுதானே என்பார்கள். அது அதே டிஸ்கின் ஒரு மூலையில் இருக்கிறது. டிஸ்க் செத்தால் அதுவும் கூடவே போய்விடும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி ‘டிக் டிக்’ என்று முன்னறிவித்தல் கொடுப்பதும் அரிது. இரவு மூடிவைத்தது காலையில் பயோஸிலேயே தெரியாது. ஆகவே மெஷினை எழுப்ப, அதாவது பூட் பண்ண, வெளியே ஒரு பென்டிரைவ் வேண்டும்.

சரி, பென்டிரைவ் இருக்கிறது. எங்கள் கடைப் பென்டிரைவில் வென்டோய் என்ற புரோகிராமைப் போட்டு, தேவையான ஐஎஸ்ஓ பைல்களை (பூட் டிஸ்குகளின் படிகளை) எல்லாம் ஒன்றாக வைத்திருக்கிறோம். பழைய மெஷின்களில் அது குறையில்லாமல் ஓடும். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான லாப்டொப் சிலவற்றிலோ பென்டிரைவ் அழகாக எழும்பும், பேக்கப்பைத் திறக்கும், எங்கே போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் வெறுமையாக இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். பயோஸில் டிஸ்கைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் விஎம்டி என்ற இன்டெல் வசதி இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதற்கான இன்டெல் டிரைவரைக் கொடுத்தால் டிஸ்க் உடனே முகம் காட்டும். அந்த டிரைவர் முன்கூட்டியே பென்டிரைவில் இருக்க வேண்டும். நெட் இல்லாத லாப்டொப்பை வைத்துக்கொண்டு, கறண்டும் போன நேரத்தில் அதைத் தேடுவது யாருக்கும் வரக்கூடாத வேலை.

அளவு இன்னொரு வில்லங்கம். 512 ஜிபி டிஸ்கிலிருந்து எடுத்த படியை 480 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்கப் போனால், உள்ளே 100 ஜிபிதான் இருந்தாலும் குளோன்ஸில்லா சாதாரணமாக ஒத்துக்கொள்ளாது. புது டிஸ்க் பழையதன் அளவிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வாடிக்கையாளர் மலிவைப் பார்த்துச் சிறியதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, பெட்டியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதெல்லாம் ஒரு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தால் மட்டுமே வெளியே வரும். கடையில் அதற்கென்றே ஒரு பெரிய எஸ்எஸ்டி சும்மா கிடக்கிறது. லாப்டொப்பின் டிஸ்கைக் கழற்றி இதைப் பூட்டி, படியை இறக்கி, விண்டோஸ் எழும்பிய பிறகுதான் வேலை முடிந்தது என்று முதலாளியிடம் சொல்வேன். நேரம் பிடிக்கும். “இதுக்கும் காசோ?” என்று கேட்பவர்கள் உண்டு.

எக்ஸ்டேர்னல் டிஸ்கை எப்போதும் குத்தியபடியே விடாதீர்கள் என்பதையும் சொல்லிவைப்போம். பைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வெயர் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்ததிலிருந்து விண்டோஸை மாற்றிப் போட வருகிற கூட்டம் கூடிவிட்டது. யார் வந்தாலும் கவுண்டரிலேயே பென்டிரைவைக் குத்தி, பூட் மெனுவை அவர் கையாலேயே எடுக்க வைக்கிறோம். சிலதில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. எந்தக் கட்டையை (கீயை) அமத்த வேண்டும் என்பதைச் சாவி இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம்; அந்தத் தாளை லாப்டொப் பையிலேயே வைக்காதீர்கள் என்றும் சொல்வோம். அதற்குப் பிறகும் ஒரு பிரச்சினை மிஞ்சுகிறது. வீட்டில் சும்மா கிடக்கிற பென்டிரைவ் என்று நினைத்து யாராவது அதை அழித்து, வான் வண்டியில் போடப் பாட்டு ஏற்றிவிடுகிறார்கள். இப்போது மார்க்கரால் ‘பாட்டு ஏத்த வேண்டாம்’ என்று எழுதித்தான் கொடுக்கிறோம்.