லெமே வீட்டுப் பெண்

என் மருமகளின் குடும்பப் பெயர் கிரீன்வுட். மாசசூசெட்ஸில் லோவல் நகரத்துப் பஞ்சாலைகளில் உழைத்த குடும்பம். ஆங்கிலேய வம்சம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் ஜெபப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் மங்கிய மையில் 'புவாவேர்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. பச்சை மரக்காடு என்று அர்த்தம். அதைத்தான் அப்படியே ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். 1840க்கும் 1930க்கும் இடையில், கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கிலிருந்து ஏறத்தாழ 9 லட்சம் பேர் பிழைப்புக்காக அமெரிக்கா போனார்கள். லெப்லான் என்றிருந்தவர் ஒயிட் ஆனார், லாழனெஸ் என்றிருந்தவர் யங் ஆனார்.

"அத்தை, நீங்களும் வாங்க" என்றாள். அக்டோபரில் கியூபெக் நகரம் போய்ச் சேர்ந்தோம். மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. நாங்களோ மூன்று நாள் ஆவணக் காப்பகத்துக்குள்ளேயே கிடந்தோம். லாவால் பல்கலைக்கழக வளாகத்தில், முன்பு குருமடமாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது அது.

இங்கே பங்குக் கோயில் பதிவேடுகள் 1621இலிருந்து தொடங்குகின்றன. 1640இல் கோயில் தீப்பிடித்துப் பதிவேடுகள் எரிந்துபோக, மக்களின் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. 1994 வரை கோயில் பதிவேடுதான் அரசாங்கப் பதிவேடும்கூட.

திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தகப்பன் பெயர்களும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்யாணத்திலிருந்து அதற்கு முந்திய கல்யாணத்துக்கு ஏறிப்போகலாம். நாங்களும் அப்படித்தான் ஏறினோம். ஐந்தாவது தலைமுறையில் வழி அடைத்துக்கொண்டது. அந்த மாப்பிள்ளை புவாவேராகக் கல்யாணம் செய்திருக்கிறார், ஆனால் புவாவேராகப் பிறந்த பதிவே இல்லை. ஆண் குழந்தைக்கெல்லாம் முதல் பெயர் ஜோசப், பெண்ணுக்கெல்லாம் மரி என்று வைக்கிற வழக்கம் வேறு. அதை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது?

பக்கத்து மேஜைப் பெரியவர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். 'தி' என்று பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. 'என்கிற' என்று பொருள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துச் சொல்ல ஊர், நிலம், பட்டாளத்துப் பட்டப்பெயர் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். 1665இல் வந்த கரிஞ்ஞான்-சாலியேர் படையின் சிப்பாய்கள் பலருக்கும் அப்படிப் பட்டப்பெயர் இருந்தது. லாஃப்ளேர் என்றால் பூ, சான்ஷக்ரேன் என்றால் கவலையில்லாதவன். இரண்டு மூன்று தலைமுறையில் பழைய பெயர் உதிர்ந்து பட்டப்பெயரே குடும்பப் பெயராகிவிடும். ஒரு வீட்டு அண்ணன் தம்பிகளே வெவ்வேறு பெயரில் பிரிந்துபோவதும் உண்டு.

"அப்பாவை விடுங்கள், அம்மாவைத் தேடுங்கள்" என்றார் அவர். இங்கே பெண்ணின் பெயர் மாறுவதில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, விதவையாகி, இறந்த பிறகும் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயர்தான்.

அந்த மாப்பிள்ளையின் அம்மா லெமே வீட்டுப் பெண். அவளைத் தேடினால் அரை மணி நேரத்தில் அகப்பட்டாள், லொத்பினியேர் கிராமத்தில். ஏழு பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு. முதல் இரண்டும் துநெவேர். அடுத்த மூன்றும் துநெவேர் தி புவாவேர். கடைசி இரண்டும் வெறும் புவாவேர். தகப்பன் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்க, ஏழு இடத்திலும் அவள் மட்டும் லெமே. என் மருமகள் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

கல்யாணமான புதிதில், என் மகனின் பெயரைச் சேர்த்துக்கொள்ளாமல் அவள் கிரீன்வுட்டாகவே இருந்தது எனக்கு உறுத்தியதுண்டு. ஆனால் கியூபெக்கிலோ 1981 முதல் சட்டமே அப்படித்தான், மனைவி பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லி, என் பழைய மனத்தாங்கலையும் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்ததாம்.

மறுநாள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையோரமாகக் காரில் லொத்பினியேர் போனோம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்று. அந்தக் காலத்து மரச் சிலுவைகள் எதுவும் மிஞ்சவில்லை. பிற்காலக் கற்களில் கணவன் பெயருக்குக் கீழே மனைவியின் பெயர், அவளுடைய தகப்பன் வீட்டுப் பெயரோடு. வரிசை வரிசையாக என் மருமகள் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தாள். நானும் கூடவே படித்தேன்.