வெள்ளிக்கிழமை மட்டும் விலகிய காந்தப்புலம்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காகத் தென் தமிழ்நாட்டில் ஒரு காந்தப்புல ஆய்வகத்தில் நான்கு மாதம் இருந்தேன். பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில், எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று வாரம் இரண்டு முறை அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே இதை ‘அப்சல்யூட் எடுப்பது’ என்பார்கள்.

முதல் நாள் அளவுக் கொட்டகை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. போன், சாவி, வாட்ச், பேனா எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். பல வருடமாக அளவெடுக்கிற அண்ணாச்சி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “துப்பட்டால ஊக்கு இருக்காம்மா?” என்றார். இருந்தது, தோளுக்கு ஒன்றாக இரண்டு. நம் பெண்கள் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள் பற்றி அவருக்கு நிறைய அனுபவம் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

கொட்டகையில் இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. திருகுகள் பித்தளை. செங்கலும் கிடையாது. சூளையில் சுட்ட செங்கல் ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்துப் புவிப்புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு செங்கலும் ஒரு சின்னக் காந்தம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அங்கே மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, நானோடெஸ்லா அதில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தப் புலம் 1 நானோடெஸ்லா மாறினாலும் தெரிய வேண்டும். மனிதர்களின் சாமான்கள் இந்த வேலையைக் கெடுப்பது புதிய கதையும் இல்லை. பம்பாய் கொலாபாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், 1904இல் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில் புது ஆய்வகத்தைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது கொலாபாவின் இயக்குநர் நானாபாய் மூஸ். டிராமை நிறுத்தச் சொல்ல முடியுமா, இவர்கள்தான் இடம் மாற வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. காந்த நடுக்கோடு அருகில் போவதால், காந்த ஊசி ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்கும். தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தவர் சிட்னி சாப்மன். வெயில் ஏற ஏறக் கிடைமட்டப் புலமும் ஏறும், உச்சிக்குப் பக்கத்தில் உச்சம் தொடும், மாலையில் இறங்கும். அதனால் காலையிலேயே, புலம் அடங்கி இருக்கும்போது அளந்து முடித்துவிட வேண்டும்.

ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னதும், “அதான் வடக்க தல வச்சுப் படுக்காதன்னு சொல்லுதேன், ரத்தத்துல இருக்க இரும்ப இழுத்துரும்” என்றாள். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி இரும்பு மாதிரி காந்தத்தோடு போய் ஒட்டாது. எம்ஆர்ஐ ஸ்கேனில் 1.5 டெஸ்லா, அதாவது நம் பூமியின் புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல் இருக்கிறது, அதில் படுத்தவர்களும் எழுந்து வருகிறார்கள் என்றேன். ஆச்சி இன்னமும் கிழக்கேதான் தலை வைக்கிறாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். காந்தமில்லாத உலோகத்தில் செய்த தியோடலைட், அதாவது தொலைநோக்கி வைத்துக் கோணம் அளக்கும் கருவி. அதன் தொலைநோக்கி மேல் காந்தப்புலத்தை உணரும் ஒரு ஃப்ளக்ஸ்கேட் சென்சார். சென்சார் புலத்துக்குச் சரியாகச் செங்குத்தாகத் திரும்பினால் மீட்டர் சுழி காட்டும். முதலில் தூரத்தில் திசை தெரிந்த ஒரு குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சென்சார் மேலே இருக்கும்போது கிழக்கே, மேற்கே, கீழே இருக்கும்போது கிழக்கே, மேற்கே என்று நான்கு நிலைகளில் சுழியைப் பிடித்துக் கோணத்தைக் குறிக்க வேண்டும். இது திசைக்கு. புலம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற சாய்வுக்கு இன்னொரு நான்கு. கடைசியில் மறுபடி அந்தக் குறி. மொத்தப் புலத்தை மட்டும் வேறொரு தூணில் புரோட்டான் மேக்னட்டோமீட்டர் தானாக அளந்துவிடும். சாய்வு எடுப்பதுதான் கொடுமை. புலம் கிடைமட்டம் என்பதால் தொலைநோக்கி கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். வளைந்த கண்வில்லை மாட்டி, கழுத்தைக் கோழி மாதிரி திருப்பிப் படிக்க வேண்டும். முதல் வாரம் தைலம் தேய்த்துக்கொண்டுதான் தூங்கினேன்.

வந்த கோணங்களை, புலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொண்டே ராப்பகலாக ஓடும் வேரியோமீட்டரின் பதிவோடு கழித்துப் பார்த்தால் கிடைப்பது பேஸ்லைன். நாம் ஒழுங்காக அளந்தால் அது நேர்கோடாகப் போக வேண்டும். அண்ணாச்சியின் கோடு தரையில் கயிறு போட்ட மாதிரி கிடக்கும். என்னுடையதோ, திசைக்கான கோடு சில நாள் ஒழுங்காக இருக்கும், சில நாள் ஒரு நிமிடக் கோணம் தள்ளிப் போகும். ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, என்றால் அங்கே ஏறக்குறைய 12 நானோடெஸ்லா.

மட்டக்குமிழியைச் சந்தேகப்பட்டேன். திருகை அழுத்திப் பிடிக்கிறேனோ என்று சந்தேகப்பட்டேன். நேரத்தைத் தப்பாகக் குறிக்கிறேன் என்று மூன்று நாள் என்னை நானே திட்டிக்கொண்டேன். நான்கு நிலைகளின் சராசரியில் கருவியின் குறைகள் அழிந்துவிடும் என்று படித்திருந்ததால், எல்லாமே என் கையின் கோளாறு என்றே முடிவு கட்டினேன்.

ஆறாவது வாரம் அண்ணாச்சி என் நோட்டைப் புரட்டினார். “செவ்வாக்கெழம நல்லாத்தானம்மா எடுக்க. வெள்ளிக்கெழம மட்டும் என்ன?” என்றவர், என் தலையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஹாஸ்டல் வாசல் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு வருவேன். பூவைப் பிடித்திருந்தது ஒரு ஹேர்பின். முடிக்குள் மறைந்து கிடந்ததால், தட்டில் போட வேண்டிய சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்வில்லையில் கண்ணை வைக்கும்போதெல்லாம் அதுவும் சென்சாருக்குப் பக்கத்தில் வந்துவிடும். எந்த நிலைக்குத் திருப்பினாலும் என் தலையும் கூடவே வருகிறதே, சராசரி அதை எப்படி அழிக்கும்?

பின்னைக் கழற்றி, சென்சாருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்தோம். மீட்டர் 30 நானோடெஸ்லா நகர்ந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் நோட்டை வாங்கி, ஆறு வெள்ளிக்கிழமைகளையும் ஒவ்வொன்றாகச் சிவப்பில் அடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதி புரிந்ததோ என்னவோ, ஒரு துண்டு வாழைநாரைக் கிழித்து, பூவைச் சடையோடு சேர்த்து முடிந்துவிட்டார். அன்றைய பேஸ்லைன் செவ்வாய்க்கிழமைக் கோட்டிலிருந்து ஐந்து விநாடிக் கோணம்கூட விலகவில்லை.